ரூட்டர் தள்ளாடுகிறதா? புதிது வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய ரூட்டர் முதல் வருடம் சமர்த்தாக ஓடுகிறது. இரண்டாம் வருடம் சிணுங்குகிறது. மூன்றாம் வருடம் தினமும் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிச் செருகினால்தான் எழுந்திருக்கிறது. மலிவுச் சரக்கின் ஆயுள் அவ்வளவுதான் என்று காரைக்குடிக் கடைவீதிக்குப் போய் இன்னொன்று வாங்கி வருகிறோம். அதுவும் அதே பரணில், அதே வெக்கையில், அதே பிளக்கில் உட்கார்ந்து அதே பாடு படுகிறது.

ரூட்டருக்குள் இருக்கும் சிப் அவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டுவதில்லை. கிழடு தட்டுவது அதற்கு மின்சாரம் ஊட்டும் அடாப்டரும், உள்ளே மின்சுற்றுப் பலகையில் நின்று மின்சாரத்தைத் தேக்கிச் சமன்செய்யும் ஓரிரு கெபாசிட்டர்களும். மீதிக் குறைகளில் பெரும்பாலானவை பெட்டிக்கு வெளியே நடந்த மாற்றங்களால் வருபவை. தெருவில் வைஃபை பெருகிவிட்டது. வீட்டில் கருவிகள் பெருகிவிட்டன. இணையத் திட்டத்தின் வேகம் பெட்டியின் சக்தியைத் தாண்டிப் போய்விட்டது. இவற்றில் எது என்பதை அறிகுறியே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் கீழே அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் தாண்ட வேண்டாம்.

முதல் சோதனை: கம்பியிலா, காற்றிலா?

ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் ரூட்டரில் நேரடியாகச் செருகி வேகத்தைப் பாருங்கள். லேன் போர்ட் இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் யூஎஸ்பியில் செருகும் இணைப்பான் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் இடையில் சுவர் இல்லாமல் ரூட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, செல்போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (வைஃபையின் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் வேகமானது) இணைத்துச் சோதியுங்கள். கம்பியில் முழு வேகம் வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால் சேனல் (அலைவரிசைக்குள் வைஃபை ஓடும் தடம்), சுவர், தூரம், ஆண்டெனா என்று காற்றுப் பக்கம் தேடுங்கள். கம்பியிலேயே குறைந்தால் அடாப்டர், சூடு, கேபிள், போர்ட், அல்லது இணைய நிறுவனத்தின் லைன்.

இதையே இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கப் பிங் சோதனை உதவும். ஒரு முகவரிக்குச் சிறு தகவல் அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பதுதான் பிங். செல்போனில் இதற்கு இலவசச் செயலிகள் உண்டு. முதலில் ரூட்டரின் முகவரிக்கு, அதாவது பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பதற்கு, பிங் அனுப்புங்கள். பிறகு 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு. வீட்டுக்குள் இருக்கும் ரூட்டரே ஒரு முறை 3 மில்லி செகண்டிலும் மறுமுறை 300 மில்லி செகண்டிலும் பதில் சொன்னால் கோளாறு உங்கள் வைஃபையில். ரூட்டர் சீராகப் பதில் சொல்லி, வெளியே போகும் பிங் மட்டும் தள்ளாடினால் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். புது ரூட்டர் வாங்கி ஒரு பயனும் இல்லை.

அறிகுறி: தானாக அணைந்து எழுகிறது, அதிலும் வேலை அதிகமாகும்போது

விளக்குகள் எல்லாம் ஒரு நொடி அணைந்து, வரிசையாக மீண்டும் எரியும். இரண்டு நிமிடத்தில் இணையம் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி இதைத் தொலைபேசியில் சொன்ன விதம் எந்தக் கையேட்டையும்விடத் தெளிவு.

"தம்பி, சும்மா இருக்கும்போது பெட்டி ஒழுங்காகத்தான் எரிகிறது. பேரன் டிவியில் படம் போட்டால் மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது."

"ஆச்சி, சுவரில் செருகியிருக்கும் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள்."

"ஐயோ, கை வைக்க முடியவில்லை தம்பி!"

விஷயம் அதோடு முடிந்தது. சும்மா இருக்கும் ரூட்டர் இழுக்கும் மின்சாரம் குறைவு. பல கருவிகள் ஒரே நேரத்தில் படம் பார்க்கும்போது ரேடியோவும் சிப்பும் கூடுதலாக இழுக்கின்றன. அந்த நேரத்தில் களைத்த அடாப்டரால் 12 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் 10, 9 என்று சரிந்துவிடுகிறது. வோல்ட் சரிந்ததும் சிப் தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்கிறது. இவ்வளவு வெளிப்படையாக அணையாமல், வைஃபை மட்டும் விழுந்து விழுந்து வருவதும், வேகம் பாதியாவதும் இதே நோயின் ஆரம்பக் கட்டம்.

மல்டிமீட்டர் வைத்து அடாப்டரைத் தனியாக அளந்தால் ஏமாந்துபோவீர்கள். சுமை இல்லாதபோது நோயாளி அடாப்டரும் 12.1 என்று அழகாகக் காட்டும். ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, உள்ளே பலகையில் பிளக் வந்து சேரும் இடத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். பலகையைத் திறக்க விருப்பமில்லாதவர்கள் அதே அளவுள்ள வேறு அடாப்டரை ஒரு நாள் போட்டு ஓட்டிப் பார்ப்பதே எளிய வழி.

மாற்று அடாப்டர் வாங்கும்போது முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும்: 12 என்றால் 12, 9 என்றால் 9. ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். 1 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் ஒன்றும் ஆகாது. பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். வட்டத்துக்குள் புள்ளி போட்ட சிறு படத்தில் நடுமுனை பாசிட்டிவா என்றும் பாருங்கள். பிளக்கின் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்றாலும் உள் ஓட்டை 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு. மாறிப் போட்டால் தொளதொளவென்று ஆடி, அதுவே புதிய கோளாறாகிவிடும். சில நூறு ரூபாயில் முடியும் வேலை இது. அடாப்டரை மட்டும் திறந்து பழுது பார்க்க முயலாதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே காத்திருக்கும்.

கரண்ட் போகும்போது மட்டும் இந்தக் குறை வருகிறதென்றால் இன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். பழைய சதுர அலை இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தில் சின்ன அடாப்டர்கள் கூடுதலாகச் சூடாகின்றன, சில இரைகின்றன. ரூட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லையும் தீரும், கரண்ட் போன நொடியில் அணைந்து எழும் தொல்லையும் தீரும்.

அறிகுறி: காலையில் நன்றாக இருக்கிறது, மதியம் மந்தம்

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நம் பக்கம் பகல் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடுகிறது. ரூட்டர் இருப்பதோ பரணில், அல்லது டிவி அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குள், செட்டாப் பாக்ஸின் தலைமேல். மலிவான பெட்டிகளில் விசிறி கிடையாது. ஓரத்துத் துளைகள் வழியாகச் சூடு தானாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகளில் செம்மண் புழுதி அடைத்திருந்தால் உள்ளே வெப்பம் அறையைவிட இருபது, முப்பது டிகிரி கூடுதலாக நிற்கும். சூடு எல்லை தாண்டினால் சில சிப்கள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மற்றவை அப்படியே உறைந்து நிற்கும்.

அன்றைய மந்தத்தைவிட, சூடு மெதுவாகச் செய்யும் கேடு பெரிது. கெபாசிட்டருக்குள் அலுமினியத் தகடும், திரவ மின்பகுளியில் நனைத்த தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் திரவம் வருடக்கணக்கில் மெல்ல ஆவியாகிக் கசிந்து போகிறது. திரவம் குறையக் குறைய மின்தேக்கும் அளவு குறைந்து, உள் மின்தடை கூடுகிறது. அடாப்டரின் மின்சாரத்தில் உள்ள அலையைச் சமன்செய்ய வேண்டியது அதன் வேலை. அதைச் செய்ய முடியாமல் அந்த அலையை அப்படியே சிப்புக்கு அனுப்பிவிடுகிறது. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் வைத்திருக்கும் காரைக்குடி ஊர்க்காரர்களுக்கு மின்பகுளி பற்றி நான் விளக்குவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மலிவான கெபாசிட்டரின் மேல் 105 டிகிரி என்று போட்டிருக்கும். அதன் விவரத் தாளில், அந்த வெப்பத்தில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று இருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரு மடங்காகும், 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. பெட்டிக்குள் 75 டிகிரி இருந்தால் 16,000 மணி நேரம். இரவு பகல் ஓயாமல் ஓடும் ரூட்டருக்கு வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஆக, ஒரு வருடம் பத்து மாதம். அதையே 65 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 32,000 மணி நேரம், அதாவது மூன்று வருடம் எட்டு மாதம். பரணிலிருந்து இறக்கிக் காற்றாட வைத்ததற்குக் கிடைக்கும் கூலி அது. உத்தரவாதம் முடிந்த மறுமாதமே கெட்டுப்போகும்படி யாரோ திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று சந்தேகப்படத் தேவையில்லை. வாங்கும்போது ஐம்பது காசு மிச்சம் பிடித்த உறுப்பும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தே அந்தக் கணக்கை முடித்துவிடுகின்றன.

திறந்து பார்க்கத் துணிந்தவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரூட்டரின் மூடியை மட்டும் கழற்றலாம். மின்சாரம் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் சிறு உருளைகள் நிற்கும். தலையில் சிலுவைபோலவோ ஆங்கில எழுத்து 'கே' போலவோ கோடு கீறியிருக்கும். அந்தத் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்புக் கறை தெரிந்தாலோ அது போய்விட்டது. தட்டையாக இருப்பதாலேயே நல்லது என்று அர்த்தமில்லை. வெளியே தெரியாமல் வறண்டு போனவையும் உண்டு. சாலிடரிங் தெரிந்த எந்தக் கடைக்காரரும் நிமிடங்களில் மாற்றித் தருவார். அதே மைக்ரோ ஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி, உள் மின்தடை குறைந்த ரகம் என்று கேட்டு வாங்குங்கள். உடம்பில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ்.

பெட்டியைத் திறந்த கையோடு எறும்புக் கூட்டையும் பல்லி முட்டையையும் அகற்றிவிடுங்கள். வெதுவெதுப்பான இடம் அவற்றுக்கும் பிடித்திருக்கிறது.

அறிகுறி: ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, மறுநாள் பழையபடி

இந்த அறிகுறிதான் எல்லோரையும் குழப்புகிறது. ரீஸ்டார்ட் ஒரே நேரத்தில் மூன்று நான்கு வேலை செய்துவிடுவதால் எது குணமாக்கியது என்று தெரியாமலே போகிறது. அதனால் அடுத்த முறை மந்தமாகும்போது உடனே பிளக்கைப் பிடுங்காமல் பின்வருபவற்றைப் பாருங்கள்.

முதலில், ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் (மேலே சொன்ன ரூட்டர் முகவரியைப் பிரவுசரில் தட்டினால் திறப்பது) போய்ச் சேனலை மட்டும் மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு என்றாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். மலிவான ரூட்டர்கள் பலவற்றில் 'ஆட்டோ' என்று போட்டிருந்தாலும் எழும் நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் காற்றைக் கவனித்துச் சேனலைத் தேர்ந்தெடுக்கும். அதன் பிறகு அண்டை வீட்டார் நான்கு பேர் அதே சேனலுக்கு வந்து உட்கார்ந்தாலும் நகராது. மூன்று வருடத்துக்கு முன் செக்காலைப் பக்கம் ஒரு வீட்டில் தேடினால் நான்கைந்து வைஃபை பெயர் தெரிந்தது. இன்று ஒரு திரை முழுக்க வருகிறது. சேனல் மாற்றியவுடன் குணமானால் பெட்டியில் குறையே இல்லை. நெரிசல் குறைந்த சேனலைக் கையால் நிலைநிறுத்திவிட்டு, டிவி, லேப்டாப் போன்றவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். 2.4-இல் சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைப்பதும் நெரிசலான தெருவில் நன்மையே செய்யும். காகிதத்தில் வேகம் குறையும். கையில் வரும் வேகம் கூடும்.

அடுத்து நினைவகம். மலிவுப் பெட்டிகளில் 32 அல்லது 64 மெகாபைட் நினைவகம்தான் இருக்கும். வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் ரூட்டர் ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்கிறது. செல்போனில் ஒரு செயலியைத் திறந்தாலே பத்துப் பதினைந்து இணைப்புகள் ஏறும். பலரிடமிருந்து துண்டு துண்டாகக் கோப்பை இறக்கும் டாரண்ட் போட்டால் நூற்றுக்கணக்கில். பெரும்பாலான ரூட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதன் இயல்பு அமைப்பில், முறையாக முடித்துக்கொள்ளாத இணைப்பு ஐந்து நாள் வரை பட்டியலில் கிடக்கலாம். தயாரிப்பாளர்கள் சிலர் அதைக் குறைத்து வைக்கிறார்கள், சிலர் கவலைப்படுவதில்லை. பட்டியல் நிரம்பிவிட்டதற்கு அடையாளம்: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பு தொடரும், புதிதாக எந்தப் பக்கமும் திறக்காது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. செல்போனில் அதன் முகவரியைக் கையால் 8.8.8.8 என்று மாற்றியதும் பக்கங்கள் திறந்தால், நோய் ரூட்டரின் டிஎன்எஸ் பகுதியில் இருக்கிறது. அங்கேயும் அதையே எழுதிவிடலாம். நினைவகக் குறைக்கு முழு மருந்து இல்லை. புதிய ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருள், வந்திருந்தால் போடுங்கள். இல்லையென்றால் விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி அமைத்துவிடுங்கள்.

மூன்றாவது, வேற்றாள் புகுந்திருப்பது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் உலகெங்கும் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. அது நினைவகத்தில் மட்டும் தங்கும் வகை என்பதால் ரீஸ்டார்ட் செய்தால் அழிந்துவிடும். பாஸ்வேர்டு மாறாத கருவியை மீண்டும் வந்து பிடித்துக்கொள்ளும். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு தீநிரல் 54 நாடுகளில் சுமார் ஐந்து லட்சம் கருவிகளில் கண்டறியப்பட்டது. ரூட்டர்களை ரீஸ்டார்ட் செய்யும்படி அமெரிக்காவின் எஃப்பிஐ அப்போது பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அதன் அடிப்பகுதி மட்டும் ரீஸ்டார்ட்டுக்கும் அசையாது. உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கப் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றே முழு ரீசெட் செய்து, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். டிஎன்எஸ் இடத்தில் நீங்களோ உங்கள் நிறுவனமோ வைக்காத முகவரி இருந்தால் வேற்றாள் புகுந்ததில் சந்தேகமே வேண்டாம்.

அறிகுறி: முகப்பில் பறக்கிறது, இரண்டாம் கட்டில் ஒன்றும் இல்லை

இது பெட்டிக்கு வயதானதால் வந்த குறை அல்ல. முன்பு இரண்டாம் கட்டில் யாரும் வீடியோ பார்க்கவில்லை, இப்போது பார்க்கிறார்கள்.

இணைய நிறுவனத்தார் வாசலோடு கேபிளை இழுத்து முகப்பிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். செட்டிநாட்டு வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் போகும் வாசல்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். மாடியில் சில வீடுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த இரும்புத் தகட்டு விதானம். உலோகத் தகடு ரேடியோ அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். பெல்ஜியம் கண்ணாடியின் முதுகில் உள்ள ரசப்பூச்சும் உலோகம்தான். இத்தனையையும் துளைத்துக்கொண்டு 5 கிகாஹெர்ட்ஸ் போகாது, 2.4 தட்டுத் தடுமாறிப் போகும்.

ஆனால் இதே வீட்டில் வேறெங்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. வளவு என்ற நடு முற்றம் திறந்த வெளி. அதைச் சுற்றித்தான் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், அறைகள், எல்லாக் கதவும் வளவைப் பார்த்தே திறக்கின்றன. ரூட்டரை முகப்புச் சுவரிலிருந்து எடுத்து, வளவின் தாழ்வாரத்தில் ஒரு தூணை ஒட்டி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சாரலும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். முகப்பில் நான்கு சுவரைத் தாண்ட வேண்டியிருந்த அலை இங்கே ஒரு கதவைத் தாண்டினால் போதும். பட்டியக்கல்லில் ஆணி அடிக்க வேண்டாம், தேக்குத் தூணில் கட்டுக்கம்பி போதும். பத்துப் பதினைந்து மீட்டர் கேபிள் கூடுதலாக ஆகும். அந்தச் செலவுக்கு முகஞ்சுளித்து, மூவாயிரம் ரூபாய்க்கு ஆறு ஆண்டெனா வைத்த பெட்டி வாங்கி மீண்டும் முகப்பிலேயே மாட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆண்டெனா எத்தனை முளைத்தாலும் அனுப்பும் சக்திக்கு அரசு விதித்த உச்சவரம்பு ஒன்றுதான். அதற்கும் மேல், உங்கள் செல்போன் பதில் சொல்ல வேண்டுமே; அதன் குரல் வளரவில்லை.

சிக்னலை எண்ணில் காட்டும் செயலி இருந்தால் மைனஸ் 50 டிபிஎம் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ தடையின்றி ஓடும், மைனஸ் 80 வந்தால் வாட்ஸப் செய்தியோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: விசேஷத்துக்கு ஆட்கள் வந்ததும் யாருக்கும் கிடைக்கவில்லை

வருடத்தில் பத்து மாதம் காவல்காரர் ஒருவரும் சிசிடிவியும் மட்டும் இருக்கும் வீடு. முன்னோருக்குச் செய்யும் படைப்பு, சாந்திக் கல்யாணம் என்றதும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அறுபது பேர் வந்து இறங்குகிறார்கள். முதலில் வந்தவர்களுக்கு வைஃபை கிடைக்கிறது. பின்னால் வந்தவர்களின் செல்போனில் 'ஐபி முகவரி பெறுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் குத்தகைக்குத் தருகிறது. குத்தகைக் காலம் பெரும்பாலும் 24 மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு வந்து கிளம்பிப் போனவரின் முகவரியும் மறுநாள் வரை யாருக்கும் கிடைக்காது. இப்போதைய செல்போன்கள் தனியுரிமைக்காக அடையாளத்தை மாற்றிக் காட்டுவதால் ஒரே செல்போன் இரண்டு பேராகக் கணக்கில் ஏறுவதும் உண்டு. அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி என்ற இடத்தில் குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்து, முகவரி வரிசையை 192.168.0.20 முதல் 250 வரை என்று அகலப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற மறுத்தால் அது வைஃபை சிப்பின் எல்லை. இரண்டாவது பெட்டி இல்லாமல் ஆகாது.

இணைந்தும் எல்லோருக்கும் மந்தம் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பின்கட்டில் ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் படம் பார்க்கும் ஒருவர், வளவில் 72 எம்பிபிஎஸ்ஸில் இருப்பவர் எடுப்பதைப்போல் பன்னிரண்டு மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்கிறார். அந்த ஒருவரை வளவுக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்; வீடு முழுவதும் வேகம் கூடும்.

அறிகுறி: 200 எம்பிபிஎஸ் திட்டம், 94-க்கு மேல் ஏறவில்லை

சோதனைக்குச் சோதனை 93, 94 என்றே நின்றால் குறை போர்ட்டில். மலிவு ரூட்டர்களின் லேன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் வகை. தகவலோடு சேர்ந்து போகும் முகவரிக் குறிப்புகளின் செலவு போகக் கையில் வருவது 94 சொச்சம். அட்டைப் பெட்டியில் 300 என்றும் 1200 என்றும் அச்சிட்டிருப்பது வைஃபையின் காகித வேகம், அதுவும் எல்லா அலைவரிசையையும் கூட்டிப் போட்டது. அதற்கும் போர்ட்டுக்கும் சம்பந்தமில்லை. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் இருந்தும் 94-லேயே நின்றால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். எலி ஒரு ஜோடியைக் கடித்திருந்தாலோ முனையில் பச்சை பூத்திருந்தாலோ இரு ஜோடியில் 100-க்கு இறங்கி ஓடும்.

வைஃபை 54-இல் அல்லது அதற்குக் கீழே முட்டி நிற்கிறதா? பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி என்றிருக்கலாம். அந்தப் பழைய பூட்டைப் போட்டால் புதிய வேகங்களை வைஃபை தரமே அனுமதிப்பதில்லை. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, வேகப் பங்கீடு போன்ற வசதிகளையும் அணைத்துப் பாருங்கள். அவை இயங்கும்போது பல பெட்டிகளில் தகவலை வேகமாகக் கடத்தும் வன்பொருள் குறுக்குவழி மூடப்பட்டு, எல்லாப் பாரமும் சின்னச் சிப்பின் தலையில் இறங்குகிறது.

அறிகுறி: ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு

ரூட்டரைத் தொட வேண்டாம். ஒளி வந்து சேரவில்லை. மஞ்சள் அல்லது வெள்ளை ஃபைபர் எங்காவது கதவிடுக்கில் நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். பச்சை முனையைக் கழற்றிக் கண்ணால் உள்ளே பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

அறிகுறி: பக்கத்தில் நின்றாலும் சிக்னல் பலவீனம்

ஒரு மீட்டர் தூரத்தில் மைனஸ் 30, 40 காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் 60 காட்டினால் ஆண்டெனா கம்பி உள்ளே அறுந்திருக்கலாம். திருப்பித் திருப்பி வைக்கும் ஆண்டெனாவின் கீலில் மெல்லிய கம்பி களைத்துப்போகும். அது நன்றாக இருந்தும் 2.4 மட்டும் சுருங்கி, 5 பழையபடி இருந்தால் அந்த ரேடியோவின் பெருக்கி சூட்டில் கெட்டிருக்கிறது. அதைப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது. கோடை இடிக்குப் பிறகு ஒரு லேன் போர்ட் மட்டும் செத்துப்போனதும் அப்படியே. அடுத்த போர்ட்டில் செருகி ஓட்டுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

எல்லாப் போர்ட்டும் கிகாபிட், இரண்டு அலைவரிசை, நிறுவனத்தின் தளத்தில் அந்த மாதிரிக்கு அண்மையில் ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள். ஆண்டெனாவை எண்ணாதீர்கள்.

பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். நல்ல அடாப்டர் ஒன்றைப் போட்டு இரண்டாம் கட்டுக்கு அனுப்புங்கள். அதன் அமைப்பில் முகவரியைப் புதியதோடு மோதாதபடி 192.168.0.2 என்று மாற்றுங்கள். புதிய ரூட்டர் 192.168.1.1 என்றால் 192.168.1.2. டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் புதியதில் உள்ளதே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு, அங்கே 1 என்றால் இங்கே 11. புதியதிலிருந்து வரும் கேபிளைப் பழையதன் வேன் போர்ட்டில் (WAN, வெளி இணையம் நுழையும் போர்ட்) செருகாமல், லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். வேனில் செருகினால் வீட்டுக்குள் இரண்டு தனி வலைகள் உண்டாகி, அடுப்படியில் இருக்கும் செல்போனுக்கு முகப்பில் இருக்கும் பிரிண்டரும் சிசிடிவியும் தெரியாமல் போய்விடும்.